மரத்துக்கும் ஒரு மொய் நோட்டு

வாடா தம்பி, வா. ராத்திரியே வந்துட்டீங்கன்னு பெரியம்மா சொன்னா. பல்லு விளக்கின ஈரம் காயறதுக்குள்ள பெரியப்பனைத் தேடி வர்றேன்னா அது பாசம் இல்லை, ஏதோ பிராது. நீ சொல்ல வேணாம், நானே சொல்றேன். காருக் கண்ணாடி. விடியக்காலம் நாலரை மணிக்கு எனக்கே கேட்டுச்சு. யாரோ பட்டாசு வெடிக்கிறான்னு திரும்பிப் படுத்துட்டேன்.

இப்படித் திண்ணையில உக்காரு. காப்பி வரும்.

தென்னை மரத்தைத் திட்டாதே. உன் வாசல்ல எவ்வளவு எடம் கெடக்கு, மணல் குமி கெடக்கு, வைக்கோல் கெடக்கு. அத்தனையும் விட்டுட்டு கண்ணாடிக்கு நட்டநடுவுல ஒரு நெத்தைப் போட்டுச்சுன்னா அதுக்கு எத்தனை நாள் கோவமோ. மட்டையோட ஒரு நெத்து ஒண்ணேகால் கிலோ கனம் இருக்கும். ஒசரம் நாப்பதடி. கண்ணாடியோட போச்சேன்னு சந்தோசப்படு, மருமவ அந்நேரம் கோலம் போட வந்திருந்தா?

கண்ணாடிக்கு எவ்வளவு சொன்னான்? பன்னண்டாயிரமா? பரவாயில்லை, நல்ல மரம், வாங்க வேண்டியதை ஒரே தவணையில வாங்கிருச்சு.

இல்லடா, கிண்டல் பண்ணலை. நீ கணக்குப் பார்க்கிற ஆளுன்னு ஊருக்கே தெரியும். ஏசிக்கு வருசத்துக்கு ரெண்டு சர்வீஸ். தண்ணி சுத்தம் பண்ற பெட்டிக்கு ஃபில்டர். காருக்குப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருக்கா ஆயில். இன்வெர்ட்டர் பேட்டரிக்குக்கூட வேளாவேளைக்குத் தண்ணி ஊத்துறே. வூடு கட்டுறப்போ எஸ்டிமேட்டுன்னு அஞ்சு பக்கம் என்கிட்ட காட்டினியே, நான் கண்ணாடி போட்டுக்கிட்டு முழுசாப் படிச்சேன். கேட்டு மேல ரெண்டு பக்கமும் வைக்கிற சிமெண்டு சிங்கத்துக்குக்கூட அதுல ஒரு வரி இருந்துச்சு. உங்க தாத்தா வச்ச மாமரத்துக்கு ஒரு வரி இல்லை. நாலு தென்னைக்கும் ஒரு வேம்புக்கும் சேர்த்து அரை வரி இல்லை. ஏன்னு கேட்டதுக்கு என்ன சொன்னே? "மரம் தானா வளருது பெரியப்பா." வாஸ்தவம். சிங்கத்துக்குத்தான் தீனி போடணும்.

இந்தா, அந்த மாடத்துல இருக்கிற நோட்டை எடு. சிவப்பு அட்டை. மொய் நோட்டுன்னு எழுதியிருக்கா? அது கல்யாண மொய் இல்லை, மர மொய்.

நம்ம பக்கத்து மொய் விருந்து உனக்குத் தெரியாததா? ஆடி ஆவணி பொறந்தா பேராவூரணி, கீரமங்கலம், வடகாடுன்னு பந்தல் பந்தலா கறிச்சோறு. சாப்பிட்டுக் கை கழுவின ஈரத்தோட மேசைக்கு வந்து பணத்தை எண்ணி வைக்கணும். எழுதறதுக்குன்னே நாலு பேர் உக்காந்திருப்பான். நீ போட்டது உனக்கு வரும், அதுக்கு மேலயும் கொஞ்சம் சேர்ந்து வரும். போடாம ஏமாத்தினவன் வூட்டு வாசல்ல வந்து நின்னு கேப்பான், கூச்சமே படமாட்டான். மரமும் அந்த சாதி மொய்க்காரன்தான்டா. நீ வச்சதையும் எழுதிக்கும், வைக்காததையும் எழுதிக்கும். ஒரே வித்தியாசம், எப்ப வந்து கேக்கும்னு பத்திரிகை அடிச்சுக் குடுக்காது.

அதிலயும் தென்னை இருக்கே, ரொம்ப நெதானமான கடன்காரன். குருத்துக்குள்ள பாளைக்குக் கரு வச்சு, அது வெளிய வந்து வெடிச்சு, குரும்பை புடிச்சு, காயாகி முத்தறதுக்கு மூணரை வருசத்துக்கு மேல ஆகும். இந்த வருசம் உரம் இல்லை, தண்ணி இல்லைன்னு நீ குறை வச்சே, மரம் மொகத்தைச் சுளிக்காது, ஏற்கெனவே கருப்புடிச்சதைக் காய்ச்சுக்கிட்டே இருக்கும். "பாத்தீங்களா பெரியப்பா, ஒண்ணுமே போடலை, எப்படிக் காய்க்குது"ம்பே. நாலாவது வருசம் பாளை வராது. அப்ப ஓடிப் போய் மூட்டை மூட்டையா கொட்டுவே. அது காயா வர இன்னும் மூணரை வருசம். அதனாலதான் தென்னைக்கு முன்கூட்டியே பணம் எடுத்து வைக்கணும்ங்கிறது. வேற எந்தச் செலவையும் இப்படி மூணு வருசத்துக்கு முந்தியே பண்ணச் சொல்ல மாட்டேன்.

சரி, பேனா எடு. உன் புத்திக்கு ரூவாயில சொன்னாத்தான் ஏறும்.

ஏறுகூலி. தோப்பு வச்சிருக்கவனுக்கு மரத்துக்கு அம்பது ரூவாய்க்கு ஏறுவான். உனக்கு இருக்கிறது நாலு மரம். அதுக்காக வண்டியைக் கிளப்பினா பெட்ரோலுக்குக் காணாது, நூறு கேப்பான். குடு, பேரம் பேசாதே. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ஏறினா வருசத்துக்கு 6 ஏத்தம், 2,400 ரூவா. காய் பறிக்க மட்டும் ஏத்தினா பாதிக் காசு பாழ். மேல போனவன் கொண்டையைச் சுத்தம் பண்ணணும், காஞ்ச மட்டை, வெடிச்ச பாளை, மட்டை இடுக்குல அடைஞ்சு கெடக்கிற பன்னாடை எல்லாத்தையும் இழுத்துப் போடணும். நீ கீழே நின்னு போன் பார்க்காம மேலே பாரு. நல்ல ஆளா இருந்தா குருத்துப் பக்கம் மூஞ்சியை வச்சு மோந்து பார்ப்பான். அழுகின வாடை வந்தா கீழே இறங்கறதுக்கு முந்தியே கத்துவான். அந்த நூறு ரூவா அந்த மூக்குக்குத்தான்.

பச்சை மட்டையை வெட்டவிடாதே. எரிக்க ஆகும்னு என்னை மாதிரிக் கெழடுங்க வெட்டச் சொல்லும். மாசத்துக்கு ஒண்ணு போல மட்டை விடற மரம், அதுல ரெண்டைப் பச்சையா வெட்டிட்டா ரெண்டு மாசச் சோத்தைப் புடுங்கின மாதிரி. ஒவ்வொரு மட்டைக் கக்கத்துலயும் ஒரு பாளை உக்காந்திருக்கும்டா.

உரம். ஒரு மரத்துக்கு வருசத்துக்கு 50 கிலோ தொழுவுரம், யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக் கணக்கு இது, ஐந்தாம் வருசத்திலேருந்து இதேதான். ஆனி ஆடியில பாதி, மார்கழி தையில பாதி. மரத்து அடித்தூர்ல கொட்டிட்டுப் போறான் பாரு, அவன் மரத்துக்குச் சோறு போடலை, காலைக் கழுவுறான். ஆறடி தள்ளி வட்டமா வெட்டிப் போட்டு, மண்ணை மூடி, தண்ணி விடணும். நாலு மரத்துக்கும் கடை உரம் ஐநூறு ரூவாய்க்குள்ள அடங்கிரும். தொழுவுரத்துக்கு என் கொட்டகைக்கு வா. காசு வேணாம், உங்கப்பனும் நானும் ஒரு வயித்துப் புள்ளைங்க. இளநி எறக்கினா நாலு அனுப்பு.

வண்டுக்கு முந்நூறு எழுது. இந்தப் பக்கம் வா, உன் மூணாவது மரத்தைப் பாரு. விரிஞ்ச மட்டை விசிறி மாதிரி இருக்கணும். அது யாரோ கத்தரிக்கோலால முக்கோணம் முக்கோணமா நறுக்கின மாதிரி இருக்கா? காண்டாமிருக வண்டு. குருத்து மடிஞ்சு சுருண்டு இருக்கிறப்போ ஒரு கடி கடிச்சுட்டுப் போயிரும், மட்டை விரியறப்பதான் நமக்குச் சேதி தெரியும். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் ரெண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம், குருத்தை ஒட்டின மூணு மட்டை இடுக்குல போடச் சொல்லு. மூணு மாசத்துக்கு ஒருக்கா. ஏறுறவன் கையிலயே பொட்டலம் குடுத்தனுப்பினா தனிக் கூலி கெடையாது.

இந்த வண்டு எங்க முட்டையிடும்னு கேக்காதே. கேட்டுட்டியா? எருக்குழியில. யார் வூட்டு எருக்குழின்னு மட்டும் கேக்காதே. தொழுவுரம் சும்மா தர்றேன்னேன்ல, அதுல அதோட புள்ளைகளும் வரும். வெள்ளையாச் சுருண்டு கட்டை விரல் தண்டிக்கு இருக்கும், பொறுக்கிக் கோழிக்குப் போட்டுட்டு அப்புறமா எருவை அள்ளு.

அதைவிடக் கேடு கெட்டது சிவப்புக் கூன்வண்டு. அது காயம் பட்ட மரத்தைத்தான் தேடி வரும். போன பொங்கலுக்கு சீரியல் பல்ப்பு சுத்துறேன்னு தென்னைக்கு ஆணி அடிச்சியே, எத்தனை? பதினாறு. நான் எண்ணினேன். மாமரத்துல வெட்டுப்பட்டா பட்டை மூடிக்கும். தென்னைக்கு அந்த வித்தை தெரியாது, பட்ட காயம் பட்டதுதான், சாகிற வரைக்கும் அப்படியே இருக்கும். அந்த ஓட்டையில அது முட்டையை வச்சா புழு உள்ளுக்குள்ளயே தின்னும். தூர்ல காதை வச்சா கறுக் கறுக்குன்னு கேக்கும், ஓட்டையில செம்பழுப்பா சாறு வடியும், மென்னு துப்பின நாரு தெரியும். வெளியில மட்டை பச்சையாத்தான் இருக்கும். ஒரு நாள் கொண்டை மட்டும் தலையாட்டிக்கிட்டுத் தனியாக் கீழே வரும். பல்ப்பு எரியறப்ப நல்லாத்தான் இருந்துச்சு, ஒத்துக்கிறேன்.

மாமரத்துக் கதைக்கு வா. வாசல் பூரா பேவர் பிளாக் போட்டுட்டு, மரத்தைச் சுத்தி ஒரு சாண் விட்டு சிமெண்டால கிண்ணம் மாதிரி கட்டி, அதுக்குக் காவி வேற பூசியிருக்கே. தாத்தா கழுத்துல மாட்டின துண்டு மாதிரி அழகா இருக்கு. காலையில மருமவ அந்தக் கிண்ணத்துக்குள்ள ஒரு கொடம் தண்ணி ஊத்துது. தூர்ல இருக்கிறது மரத்தைத் தாங்கிப் புடிக்கிற வேர். தண்ணி குடிக்கிற சல்லி வேரெல்லாம் நிழல் விழுற ஓரத்துல இருக்கு, மத்தியானம் வெளிய வந்து பாரு. அந்த எடம் பூரா நீ கல்லு போட்டு மிதிச்சு மூடிட்டே. விருந்தாளி வாயைக் கட்டிட்டு முழங்கால்ல பாயசம் ஊத்துற கணக்கு. கல்லைப் பேர்த்தெடுக்கச் செலவாகும்னு பயப்படாதே, அது சிமெண்டு வச்சு ஒட்டினது இல்லை. நிழலோரத்துல மூணு வரிசையைக் கழட்டி அடுக்கி வை, அடுத்த சிங்கம் கட்ட ஆகும்.

கவாத்துக்கு வருசம் ஆயிரம் ஒதுக்கு. எல்லா வருசமும் ஆகாது, ஒரு வருசம் மாமரம், ஒரு வருசம் வேம்பு. ஆனா எடுத்து வை. மாமரத்துக்குக் காய் ஓஞ்சதும் ஆடி ஆவணியில பண்ணிரணும். காஞ்சது, ஒண்ணோட ஒண்ணு உரசறது, உள்ளே வெயிலே போகாம அடைக்கிறது, இவ்வளவுதான். மார்கழியில லீவு கெடைச்சுதுன்னு வந்து வெட்டினியோ, பூக்கப் போற கொழுந்தை வெட்டுறே, சித்திரையில மாம்பழம் சந்தையிலதான்.

வெட்டறதைப் பக்கத்துல நின்னு பாரு. தெரியாதவன் மேலேருந்து ஒரே போடா போடுவான். பாதி அறுபடறப்பவே கிளை கனம் தாங்காம முறிஞ்சு, தூரு வரைக்கும் பட்டையை உரிச்சுக்கிட்டு வரும். தெரிஞ்சவன் முதல்ல அடிப்பக்கம் ஒரு கீத்து அறுப்பான். அப்புறம் அரை முழம் தள்ளி மேலேருந்து அறுத்துக் கனத்தை எறக்குவான். கடைசியாத்தான் மிச்சக் கட்டையை எடுப்பான், அதையும் மரத்தோட வழிச்சு எடுக்க மாட்டான். கிளை பொறக்கிற எடத்துல மோதிரம் மாதிரி ஒரு புடைப்பு இருக்கும், அதை விட்டுட்டு எடுப்பான். அந்த மோதிரம்தான் காயத்தை மூடும். மூணு அறுப்பு அறுக்கிறவனுக்கு இருநூறு கூடக் குடு.

வேம்பை மட்டும் மொட்டையடிக்கச் சொல்லாதே. மேலத் தெருவுல ஒருத்தர் இலை கொட்டுது, கூட்டி மாளலைன்னு மொட்டையடிச்சாரு. சிலுசிலுன்னு எப்படித் துளிர்த்திருக்கு பாருங்கன்னு பெருமை வேற. அந்தத் துளிரெல்லாம் பட்டையில ஒட்ட வச்ச மாதிரி நிக்கும், மூணு வருசத்துல கை தண்டி ஆகும், ஆடிக் காத்துக்கு ஒவ்வொண்ணா வூட்டு ஓட்டு மேல விழும். இப்ப அவர் ஓட்டையும் சேர்த்துக் கூட்டுறாரு.

கரண்டு கம்பிக்குப் பக்கத்துல போற கிளை இருக்கே, அதுல கை வைக்காதே. இரும்புக் குழாயில தொரட்டி கட்டி முருங்கைக்கா பறிக்கிறேன்னு போனவங்க கதையை நான் காலங்காத்தால சொல்ல விரும்பலை. மின்வாரியத்துல மாசத்துக்கு ஒருக்கா பராமரிப்புன்னு கரண்டை நிறுத்துவான், முதல் நாளே பேப்பர்ல வரும். அதைப் பார்த்து ஆளைச் சொல்லி வை. அன்னைக்கும் லைன்மேன் வாயால சரின்னு சொன்னாத்தான் ஏணியைச் சாத்தணும். முருங்கையைப் பத்தி என்ன சொல்றது, அது தொட்டா ஒடியிற சாதி, ஒசரமா விடாம வருசா வருசம் வெட்டி விட்டா காசே இல்லாம முடியிற வேலை.

கூட்டிப் பாரு. 2,400, 500, 300, 1,000. எவ்வளவு? 4,200. மாசத்துக்கு 350 ரூவா. உன் போனுக்கு மாசம் போடுறியே, அவ்வளவுதான். அந்தக் கண்ணாடியில கிட்டத்தட்ட மூணு வருச மொய்யை ஒரே நெத்துல வசூல் பண்ணியிருக்கு.

இன்னும் ஒரு வரி பாக்கி, அதுதான் யாரும் எழுதமாட்டான். விழப்போற மரத்துக்கு உண்டியல். ஆண்டுக்கு ரெண்டாயிரம் தனியாப் போடு. எந்த மரமும் தேவைப்படலைன்னா அடுத்த வருசத்துக்கு இருக்கட்டும்.

சிரிக்காதே. நான் படிச்ச பாடம் இது. 2018 ஆவணியில, மரம் ஏற வந்தவன் என் கொட்டகை ஓரத்து மரத்தைத் தட்டிப் பார்த்துட்டு, "ஐயா, இது உள்ள கூடு, எடுத்துருங்க, 1,500 குடுங்க"ன்னான். நான் 800 சொன்னேன். அவன் ஒத்துக்கலை. "சரி, தீபாவளி கழியட்டும்"னேன். அந்த வருசம் தீபாவளி நவம்பர் 6. கழிஞ்சுது. பத்து நாள் கழிச்சு 16ஆம் தேதி விடியறதுக்குள்ள கஜா புயல் வந்துட்டான். அதிராம்பட்டினத்துல காத்து மணிக்கு 165 கிலோமீட்டர்னாங்க. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணின்னு நல்ல மரமே லட்சக்கணக்குல சாஞ்சுது, அதனால என் மரம் விழுந்ததுக்கு நான் பொறுப்பில்லைன்னு ஊர்ல சொல்லிக்கிட்டேன். ஆனா என் மத்த மரத்துல பாதி நின்னுச்சுடா. அந்தக் கூட்டு மரம் நேரே கொட்டகை மேல. செவலைப் பசுவுக்கு இடுப்பு போச்சு. அதை உங்க பெரியம்மாகிட்ட கேக்காதே, இப்பவும் அழுவா.

அரசாங்கம் நிவாரணம் குடுத்துச்சு, ஒரு தென்னைக்கு 1,100 ரூவா. அதை எப்படிப் பிரிச்சாங்கன்னு கவனிச்சியா? மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500. சாஞ்ச மரத்துக்கு அவங்க போட்ட விலையும், அதை எடத்தை விட்டு நகத்துற கூலியும் கிட்டத்தட்ட ஒண்ணு. நான் அன்னைக்கு 700 ரூவா மிச்சம் புடிச்ச மகராசன்.

புரட்டாசி பொறக்கிறப்பவே முத்தின காய், காஞ்ச மட்டை எல்லாத்தையும் எறக்கி மரத்துத் தலைக்கனத்தைக் கொறைச்சிரு. சாஞ்சிருக்கிற மரம், தூர்ல காளான் பூத்த மரம், தட்டினா மொந்தை மாதிரிச் சத்தம் கேக்கிற மரம், இதையெல்லாம் அப்பவே பார்த்து முடிவு பண்ணணும். புயல் சின்னம்னு டிவியில சொன்னப்புறம் ரம்பக்காரனுக்குப் போன் போட்டா அவன் சொல்றதுதான் கூலி.

அப்புறம், மருமவ சொல்லுச்சு, கேட்டுக்குப் பக்கத்துல செம்மயிர்க்கொன்றை வைக்கப் போறீங்களாம், செக்கச் செவேல்னு பூக்குமாம். வைங்க. 2016ல வர்தா புயல் வந்தப்போ சென்னையில நீங்க குடியிருந்த தெருவுல மொதல்ல படுத்தது எந்த மரம்னு மட்டும் ஒரு தடவ நெனச்சுப் பார்த்துட்டு வைங்க. பூவரசோ புன்னையோ வைக்கலாம். கன்று நூறு ரூவாதான், ஆனா கன்று வாங்குறப்போ அது நிக்கப் போற எடத்தைத்தான் விலை பேசணும். செவுத்துக்கும் கழிவுத் தொட்டிக்கும் நடுவுல நாலடி சந்துல மரம் வச்சா, முப்பது வருசம் கழிச்சு உன் மகன் மரத்தைத் திட்டுவான். உன்னைத் திட்டமாட்டான், நீ செவுத்துல படமா இருப்பே.

என்னடா பக்கத்தைத் திருப்புறே? ஓ, உன் பேரைப் பார்த்துட்டியா. ஆமா, உன் வூட்டுக் கணக்குக்கும் ஒரு பக்கம் போட்டு வச்சிருக்கேன். நீ ஊர்ல இல்லாதப்ப மரம் சும்மா நிக்குமா? மூணு மரத்துக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா நான்தான் ஏறுகூலி குடுத்து ஆளை ஏத்துறேன். செலவுப் பத்தியைப் பாரு, தேதி வாரியா இருக்கா? வரவுப் பத்தி காலியா இருக்கேன்னு கேக்கிறியா? காய் கொஞ்சம் விழும், அதுல பெரியம்மா கொழம்புக்கு எடுப்பா, மிச்சம் வண்டிக்காரன்கிட்ட போகும். அதெல்லாம் எழுதினா பக்கம் காணாதுன்னு விட்டுட்டேன்.

நாலாவது மரமா? கார் மேல போட்டுச்சே, அதா? அதுல ஆளை ஏத்தலை. உன் வூட்டுக் காயை முழுசா நானே எடுத்துக்கிட்டா நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவான்? அதனால அந்த ஒரு மரத்தை உன் பங்குன்னு நெத்தோட அப்படியே விட்டு வச்சேன்.

காப்பி ஆறுது, குடி. அந்த நெத்து இன்னும் காருக்குள்ளதான் கெடக்கா? வர்றப்போ எடுத்துட்டு வா, பெரியம்மாவுக்குச் சட்னிக்கு ஒரு மூடி குறையுதாம்.